பாதிப் புயலில் வந்த கரண்ட்

புயல் எப்படி உருவாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லுவேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷமாகப் புவியியல் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் பெரிதாக ஒரு வட்டம், அதன் நடுவில் சின்னதாக ஒரு வட்டம், சுற்றிலும் இடப்பக்கமாக ஓடும் அம்புக்குறிகள். கை தானாகவே வரைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலின் மேல்தண்ணீர் நன்றாகச் சூடேறியிருக்கும். அந்தச் சூட்டில் ஈரக்காற்று மேலே எழும். எழுந்த இடத்தில் அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்ப நாலா பக்கத்திலிருந்தும் காற்று ஓடி வரும். பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் அந்தக் காற்று நேராக வர முடியாமல் வளைந்து சுழல ஆரம்பிக்கும். மேலே போன ஆவி குளிர்ந்து மழையாகிறபோது தன்னிடம் இருந்த சூட்டை அங்கேயே விடும். அந்தச் சூடு இன்னும் காற்றை மேலே இழுக்கும். தன் அடுப்புக்குத் தானே விறகு தள்ளிக்கொள்கிற வேலை இது. கீழே சூடான கடல் இருக்கிற வரைக்கும் ஓயாது. கரையேறிவிட்டால் விறகு கிடைக்காது, ஆனால் கையில் இருப்பதை எரித்து முடித்துவிட்டுத்தான் அணையும்.

நடுவில் இருக்கும் சின்ன வட்டத்துக்குப் பெயர் கண். அதற்குள் காற்று இருக்காது, மழை இருக்காது, சில சமயம் வெயிலே அடிக்கும். கண் கடந்து போன பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். இதை இரண்டு மார்க் கேள்வியாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எழுதாத பிள்ளைகளை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த இரண்டு மார்க்கில் நான் முட்டை வாங்கிய கதையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டராக ஒரு அக்கா இருக்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். முத்தாண்டிக்குப்பம் பக்கம். கணவர் தவறிப்போய்ப் பல வருஷம் ஆகிறது, ஒரே மகள் கல்யாணமாகி நெல்லிக்குப்பத்தில் இருக்கிறாள். அவருடைய அப்பாவும் அம்மாவும் காலம் பூராவும் அடுத்தவர் தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கியவர்கள். தோப்புக்காரர் வீட்டு வாசலில் நின்றுதான் கூலி வாங்க வேண்டும், உள்ளே கூப்பிட மாட்டார்கள் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டாவில் பெயர் ஏறியது அக்காவுக்குத்தான். நாற்பது சென்ட். கொஞ்சம் முந்திரி, நடுவில் ஒரு பலா. அந்தப் பலாவை அவர் கையால் வைத்து, ஊரிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தார். லீவு எடுக்காத மனுஷி, பலா முதல் பிஞ்சு விட்ட அன்று மட்டும் அரை நாள் லீவு போட்டார். தலைமையாசிரியர் காரணம் கேட்டதற்கு, வீட்டு விசேஷம் என்று எழுதிக் கொடுத்தார்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் புயல் வருகிறது என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாகிவிட்டது. அக்காவின் வீட்டுக்குக் கூரை சிமெண்ட் ஷீட். காற்றில் அது பறந்தால் கழுத்தை அறுத்துவிடும் என்று நான் போனில் கத்தி, கடைசி பஸ்ஸில் அவரை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரவழைத்தேன். ஒயர் கூடையில் இரண்டு புடவையும் பட்டாவும் எடுத்துக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாகச் சொன்ன முதல் சேதி, பலாவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன் என்பதுதான். இந்த மாசத்தில் வாடைக்காற்றுதானே, வடக்கிலிருந்து தள்ளும், அதனால் தெற்குப் பக்கம் மூன்று சவுக்குக் கட்டையைச் சாய்த்து ஊன்றிவிட்டாராம். நல்லது என்று தலையாட்டிவிட்டு நான் அரிசி களையப் போனேன். புவியியல் டீச்சர் தலையாட்டினாள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பம்ப் பிரிவில் இருக்கிறார். மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் அந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்கும். பம்ப் நிற்கக்கூடாது. முந்தின நாள் செகண்ட் ஷிஃப்டுக்குப் போனவர், அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வந்து சேர முடியாததால் அங்கேயே இருந்துவிட்டார். போன் அறுந்துபோவதற்கு முன் சொன்னது ஒன்றே ஒன்று: நான் வருகிற வரைக்கும் கதவைத் திறக்காதே.

விடியற்காலையில் காற்று உச்சத்துக்குப் போனது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஓரளவு புரியும், ஆனால் அது ஒரே சீராக ஓடும். இது மூச்சு வாங்கி வாங்கி அடித்தது. வடக்கு ஜன்னலின் கண்ணாடி உடைந்து உள்ளே கொட்டியது. நானும் அக்காவும் கட்டிலைச் சாய்த்து ஜன்னலை அடைத்துவிட்டு அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். வெளியே பிளாக்கில் இருந்த மரங்கள் ஒவ்வொன்றாக விழுவது தரை அதிர்ந்ததில் தெரிந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அக்கா தன் மரத்தை நினைத்துக்கொண்டு முட்டியைப் பிடித்தார். பயமாகத்தான் இருந்தது. வெட்கப்படாமல் சொல்லுகிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை.

ஏழு மணி வாக்கில் காற்று நின்றது. மெல்லக் குறையவில்லை, நின்றேவிட்டது. காது அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு அமைதி. அதற்குக் கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தியைச் சொல்ல வேண்டும். டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம். வெட்டுகிற நிலக்கரி பக்கத்திலேயே எரிந்து கரண்ட் ஆகிறது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால், உங்களுக்கென்ன, கரண்ட் போகாத ஊர் என்பார்கள். எங்களுக்கும் அதில் ஒரு திமிர் உண்டு. இந்த ஊரில் கரண்ட் போனால் ஏதோ பெரிதாக நடக்கிறது, வந்துவிட்டால் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் எங்கள் கணக்கு. வானிலை அறிக்கையைவிட டியூப்லைட்டை நம்புகிறவர்கள் நாங்கள். எந்த லைன் எப்படித் தப்பித்து அன்றைக்கு எங்கள் பிளாக்குக்கு அந்தக் கொஞ்ச நேரக் கரண்ட் வந்ததோ, எனக்குத் தெரியாது. யார் மேலும் தப்பில்லை. விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். புயல் முடிந்தது என்று அதைப் படித்தது நாங்கள். பிளாக் முழுக்கக் கதவுகள் திறந்தன. ஜனங்கள் வாசலில் நின்று விழுந்த மரங்களை எண்ணினார்கள். எதிர்வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"காத்து போயிடுச்சி டீச்சர். நான் ஓடி மரத்தப் பாத்துட்டு வந்துடறங்க."

"கரண்டே வந்துருச்சே, போயிட்டு வாங்கக்கா" என்றேன். என் வாயால் சொன்னேன். ஒரு மணி நேர நடை, பார்த்துப் போங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போனார். நான் பாலை அடுப்பில் வைத்தேன்.

பால் காய்கிற நேரத்தில் வாசலுக்கு வந்தேன். தெருவில் பறவைகள் உட்கார்ந்திருந்தன. காக்கையும் மைனாவும் இல்லை. வெள்ளையும் சாம்பலுமாக, நீண்ட இறக்கையும் கூர்மையான மூக்குமாக, ஏழெட்டு. ஆள் நடமாட்டத்தைப் பார்த்தும் எழுந்து பறக்கத் தெம்பில்லாமல் ரோட்டிலேயே குந்தியிருந்தன. கடலூர் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது இதே பறவைகளைப் பார்த்திருக்கிறேன். கடற்பறவைக்கு எங்கள் பிளாக்கில் என்ன வேலை என்று யோசித்தேன். அப்புறம் விழுந்த மரங்களைப் பார்த்தேன். அத்தனையும் தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தன. ஒன்றுகூட வடக்கே சாயவில்லை. அண்ணாந்து பார்த்தேன். நடு வானத்தில் நீலமாக ஒரு துண்டு, சுற்றிலும் கறுப்புச் சுவர். கரும்பலகையில் நான் வரைகிற சின்ன வட்டம் அது. நான் அதற்குள் நின்றுகொண்டிருந்தேன். பறவைகள் கடலிலிருந்தே அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு அதோடு வந்திருந்தன.

அடிப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரரிடம், உள்ளே போங்கள், எல்லாரையும் உள்ளே போகச் சொல்லுங்கள், இன்னும் பாதிப் புயல் இருக்கிறது என்று கத்தினேன். அவர் நம்பாமல் மின்விசிறியைக் கை காட்டினார். நான் வகுப்பில் கத்துகிற மாதிரி ஒரு கத்து கத்தியதும் கதவைச் சாத்தினார். அடுப்பை அணைத்தேனா என்று நினைவில்லை. ஓடினேன்.

ரோட்டில் வண்டி போக வழியே இல்லை. மரங்களுக்கு மேலே ஏறி, கீழே நுழைந்து, அறுந்து கிடந்த ஒயர்களைத் தாண்டித்தான் போக முடிந்தது. எனக்கு ஓடிப் பழக்கமில்லை. ஸ்கூட்டரில் போய் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற உடம்பு. ஆனாலும் அக்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. போகச் சொன்னவள் நான், கூட்டிக்கொண்டு வரவேண்டியவளும் நான்தான். டவுன்ஷிப்பைத் தாண்டி, முந்திரித் தோப்புகள் தொடங்குகிற இடத்தில் ரோடு கிழக்கே வளைகிறது. அங்கே, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, ஒரு மரத்தைத் தாண்ட முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தார் அக்கா. மேற்கு அப்போது வெளுத்திருந்தது. கிழக்கே அந்தக் கறுப்புச் சுவர் பக்கத்தில் வந்துவிட்டது.

கையைப் பிடித்தேன். மூச்சிரைத்தது. காற்று திரும்ப வருகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். வடக்கே பாருங்க, வெளுத்துப் போச்சு என்றார். வடக்கிலிருந்து இல்லை, இனிமேல் தெற்கிலிருந்து வரும் என்றேன். அவர் முகம் மாறிப்போனது. நான் சொன்னதை அவர் முழுசாக நம்பினார். நம்பியதால்தான் என் கையை உதறிவிட்டு ஓடப் பார்த்தார். முட்டுக் கட்டைகள் மூன்றும் தெற்குப் பக்கம்தான் இருந்தன. தெற்கிலிருந்து தள்ளினால் அந்த மரத்துக்குப் பிடிக்க ஒரு குச்சி இல்லை.

"வுடுங்க டீச்சர். ஒரு கட்டைய மாத்தி வெச்சாக்கூடப் போதும். அது என் மரங்க."

நான் விடவில்லை. இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அவருடையது குடம் சுமந்து இறுகிய உடம்பு, என்னை இழுத்துக்கொண்டே நாலடி நடந்தார். அப்போது தெற்கிலிருந்து முதல் வீச்சு வந்தது. இரண்டு பேரும் கீழே விழுந்தோம்.

ஒதுங்க அங்கே இரண்டே இடம். ரோட்டுக்கு வடக்கே ஒரு தோப்பின் மதில் சுவர். அதன் ரோட்டுப்பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்தது. ரோட்டுக்குத் தெற்கே, வடக்குப் பார்த்த கான்கிரீட் பஸ் ஸ்டாப். காலையெல்லாம் வடக்கத்திக் காற்று நேராக உள்ளே அடித்ததில் அது முழுக்கச் சேறும் கிளையும் தகரமுமாகக் கிடந்தது. அக்கா மதிலைப் பார்த்து என்னை இழுத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நான் பஸ் ஸ்டாப்புக்குள் அவரைத் தள்ளி, சேற்றில் உட்கார வைத்து, பின்சுவரோடு ஒட்டிக்கொண்டேன். காற்று அந்தச் சுவருக்குப் பின்னால் வந்து மோதி எங்கள் தலைக்கு மேலே போனது. கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த மதில், எங்கள் கண்ணெதிரிலேயே, நீளமாக வடக்குப் பக்கம் படுத்துவிட்டது. அக்கா அதைப் பார்த்தார். ஆனால் அதற்குப் பிறகும் எழுந்து ஓட இரண்டு தடவை பார்த்தார். இரண்டு தடவையும் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தேன். பத்து மணிக்கு மேல் காற்று தணிகிற வரைக்கும் அந்த முந்தானையை நான் என் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தேன்.

பிறகு இரண்டு பேருமாகத் தோப்புக்குப் போனோம். வழியெல்லாம் நேற்று வரைக்கும் தோப்பாக இருந்தவை வேரோடு பெயர்ந்து, செம்மண்ணை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன. சிமெண்ட் ஷீட் துண்டுகள் பனைமரத்தில் செருகியிருந்தன. கரண்ட் கம்பங்கள் முழங்கால் மடங்கினாற்போல் நின்றன. அக்காவின் முந்திரி மரங்களில் பாதி தெற்கே விழுந்திருந்தன, மீதி வடக்கே. சவுக்குக் கட்டைகள் மூன்றும் ஊன்றிய இடத்தில் அசையாமல் நின்றன. பலா அவற்றை விட்டு விலகி வடக்கே சாய்ந்து கிடந்தது. முதல் பாதியை அது தாங்கிவிட்டது என்பது பார்த்தாலே தெரிந்தது. அக்கா அந்தக் கட்டைகளுக்கு நடுவே நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்காரர் மறுநாள் சாயந்திரம், கண் சிவந்து, சேறும் கரியுமாக வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தாயா என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊருக்கெல்லாம் விளக்குப் போட்ட ஊரில் மெழுகுவர்த்திக்கு அலைந்தோம். தோப்புக்காரர்கள் பலர் விழுந்த மரத்தை விறகுக்கு விற்றுவிட்டு, தரிசாகப் போட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மணி அடித்தார், சுற்றறிக்கை கொண்டுவந்து நீட்டினார், கையெழுத்து வாங்கினார், போனார். டீச்சர் பிடித்து வைத்திருக்காவிட்டால் ஒரு கட்டையையாவது மாற்றியிருப்பேன் என்று மற்ற டீச்சர்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால் என்ன? கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டும், இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பலாவின் வேரில் ஒரு பக்கம் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. அதை நிமிர்த்தலாம் என்று எங்கள் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிற ஒருவர் சொன்னார். அவர் சுரங்கத்தில் பெரிய பாரங்களைக் கட்டித் தூக்குகிறவர். குள்ளஞ்சாவடியில் ஒரு லாரி பட்டறையில், சங்கிலியால் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை இரவல் வாங்கினோம். அவரும் என் வீட்டுக்காரரும் ஆஃப் நாளில் வந்தார்கள். கிளைகளை எல்லாம் வெட்டி மொட்டையாக்கி, வெட்டிய இடத்தில் சாணம் பூசி, பழைய சாக்கைச் சுற்றிச் சங்கிலி போட்டு, ஒவ்வொரு கண்ணியாக இழுத்தோம். அக்கா குழிக்குள் இறங்கி வேருக்கு மண் தள்ளினார். மரம் நிமிர்ந்ததும் மண்ணை மிதித்து இறுக்கினார். பிறகு சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கி, இன்னொன்றும் சேர்த்து நாலு பக்கமும் ஊன்றினார். எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை.

அந்த மொட்டை மரம் ஒரு வருஷம் செத்த மாதிரியே நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் வெட்டிப் போடச் சொன்னார்கள். அக்கா தினமும் வேலைக்கு வருவதற்கு முன் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வந்தார். பக்கத்திலேயே முந்திரிக் கன்றும் வைத்தார். பிறகு ஒரு நாள் தலைமையாசிரியரிடம் அரை நாள் லீவு கேட்டார். காரணம் எழுதுமிடத்தில் வீட்டு விசேஷம் என்று எழுதியிருந்தார். துளிர் விட்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு புயல் எச்சரிக்கை வந்தால் அக்கா கூப்பிடாமலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். போன தடவை காற்றில் கரண்ட் போய் வந்தது. மின்விசிறி சுற்றிய உடனே எழுந்துபோய் மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கிவிட்டார். நான் வகுப்பில் அந்தப் பாடத்தை இப்போது இரண்டு மார்க்குக்கு எடுப்பதில்லை. கரண்ட் வந்தால் வெளியே போவீர்களா என்று கேட்பேன். போக மாட்டோம் என்று அத்தனை பேரும் சொல்லுகிற வரைக்கும் மணி அடித்தாலும் விடுவதில்லை. மணி அடிக்கிற அக்காவும் எனக்காகக் கொஞ்சம் தாமதமாக அடிப்பார்.

இந்த வருஷம் அந்தப் பலா காய்த்தது. முதல் பழத்தை அக்கா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, ஸ்டாஃப் ரூம் மேஜையில் செய்தித்தாளை விரித்து, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி அறுத்தார். அன்றைக்கு அங்கே நாங்கள் இரண்டு பேர்தான். இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு உங்கள போகச் சொன்னதே நான்தான். அது கண்ணுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். முட்டுக் கொடுத்ததச் சொன்னப்பவே தெரிஞ்சிருக்கணும்."

அவர் சுளையைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுங்க டீச்சர். அதனாலதான செருப்புகூடப் போடாம ஓடியாந்தீங்க."

எனக்கு அதுவரைக்கும் அது தெரியாது. கால் கிழிந்து தையல் போட்டது நினைவிருந்தது, வழியில் எங்கேயோ செருப்பு அறுந்துபோயிருக்கும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சுளையை வாயில் போட்டுக்கொண்டேன். அக்கா கையை நீட்டி, கொட்டையைக் கீழே துப்பாமல் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். விதைக்கு வேண்டுமாம்.